திருகோணமலையிலிருந்து ரொறன்ரோ: தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்கிடும் முறை

இணையத்தில் திருகோணமலைக்கும் ரொறன்ரோவுக்கும் எவ்வளவு தூரம் என்று தேடினால் ஏறக்குறைய 13,900 கிலோமீற்றர் என்று ஓர் எண் வரும். அதற்குக் கீழே விமான நேரம் 17 மணி என்றும் போட்டிருப்பார்கள். அப்படி ஒரு விமானம் கிடையாது. அந்தத் தளங்கள் சீனக்குடா விமான நிலையத்தின் குறியீடான ரி.ஆர்.ஆர்-ஐ எடுத்து, அங்கிருந்து ரொறன்ரோவுக்கு ஒரு கோடு இழுத்து, கோட்டின் நீளத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்துவிடுகின்றன. சீனக்குடாவில் சிறிய உள்நாட்டு விமானங்கள்தான் இறங்கி ஏறும். உவர்மலையில் வீட்டுப் படலையைச் சாத்திவிட்டு ஸ்காபரோவில் உறவினர் வீட்டுக் கதவைத் தட்டும்வரை உண்மையில் 35 மணி நேரம் பிடிக்கும். 17 எப்படி 35 ஆகிறது என்பதை விளங்கிக்கொண்டால் டிக்கெட் எடுக்கும்போதும், வாடகை வான் பிடிக்கும்போதும், அங்கே கூப்பிட வருபவருக்கு நாளும் நேரமும் சொல்லும்போதும் தவறு வராது.

எந்த இரண்டு இடங்களுக்கு இடையில்?

முதல் வேலை, விமானம் உண்மையில் ஏறி இறங்கும் நிலையங்களைத் தீர்மானிப்பது. நமக்குப் புறப்படும் இடம் கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையம்; டிக்கெட்டில் சி.எம்.பி என்று இருக்கும். போய்ச் சேரும் இடம் ரொறன்ரோ பியர்சன், குறியீடு வை.வை.ஸெட். நகரத்தின் பெயரை மட்டும் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள். லண்டனுக்குப் போகிறவர்களுக்கு ஹீத்ரோ, கட்விக் என்று பல நிலையங்கள் உண்டு. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறும்படி அமைந்த மலிவு டிக்கெட், முதன்முறை போகிறவரை நடுத்தெருவில் விட்டுவிடும்.

கணக்குக்குத் தேவையான ஆள்கூறுகள்: கட்டுநாயக்க வடக்கு 7.18 பாகை, கிழக்கு 79.88 பாகை. பியர்சன் வடக்கு 43.68, மேற்கு 79.63. வேறு நகரம் என்றால் கைபேசி வரைபடத்தில் அந்த விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இந்த எண்கள் தெரியும்.

தூரம்

பூமி உருண்டை என்பதால் இரண்டு இடங்களுக்கு இடையிலான குறுகிய பாதை பெருவட்டத்தின், அதாவது பூமியைச் சரிபாதியாக வெட்டும் வட்டத்தின், ஒரு துண்டு. பாடசாலையில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலைக் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் பிடித்து இறுக்கிப் பாருங்கள். தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்கள் நூல் அரேபியா, ஐரோப்பா, அத்திலாந்திக் என்று மேற்கே போகும் என எதிர்பார்ப்பார்கள். அது இந்தியாவுக்கு மேலாக வடக்கே ஏறி, ரஷ்யாவைக் கடந்து, ஏறக்குறைய 72 பாகை வடக்கில் ஆர்க்டிக் கடலைத் தொட்டுவிட்டுக் கனடாவுக்குள் இறங்கும்.

துல்லியமான எண் வேண்டுமானால் உயர்தர வகுப்புப் பிள்ளையின் விஞ்ஞானக் கணிப்பான் போதும். சூத்திரம் இது:

கோசைன்(இடைக்கோணம்) = சைன்(முதல் அகலக்கோடு) × சைன்(இரண்டாம் அகலக்கோடு) + கோசைன்(முதல் அகலக்கோடு) × கோசைன்(இரண்டாம் அகலக்கோடு) × கோசைன்(நெடுங்கோட்டு வேறுபாடு)

ஒன்று கிழக்கிலும் மற்றது மேற்கிலும் இருப்பதால் நெடுங்கோடுகளைக் கூட்ட வேண்டும்: 79.88 + 79.63 = 159.51. முதல் பெருக்கம் 0.0863. இரண்டாவது −0.6721. கூட்டினால் −0.586. இதன் நேர்மாறு கோசைன் 125.9 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீற்றர் என்று பெருக்கினால் 14,000 கிலோமீற்றர்.

பிழை வருவது இரண்டு இடங்களில். கூட்டுவதற்குப் பதில் கழித்துவிட்டால் வேறுபாடு வெறும் கால் பாகையாகி, விடை 4,060 கிலோமீற்றர் என்று வரும். கட்டுநாயக்கவிலிருந்து டுபாய்க்கே 3,300 கிலோமீற்றர் என்பதால் இந்த விடை பொருந்தாது என்று உடனே தெரிந்துவிடும். மற்றது, கணிப்பான் பாகையில் இல்லாமல் ஆரையன் என்ற வேறு கோண அலகில் நிற்பது. கணினி விரிதாள்கள் எப்போதும் ஆரையனில்தான் கணக்கிடும். அங்கே பாகையை மாற்றிக் கொடுக்க வேண்டும். பூமி முழு உருண்டையாக இல்லாமல் துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால் இந்த விடையில் அரை வீதத்துக்குள் வித்தியாசம் இருக்கலாம். பயணிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அலகைக் கவனியுங்கள். இதே தூரத்தைச் சில தளங்கள் 8,700 மைல் என்றும், விமானத் துறையினர் 7,560 கடல் மைல் என்றும் சொல்வார்கள். கொழும்பு – லண்டன் தூரமோ ஏறக்குறைய 8,710 கிலோமீற்றர். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு லண்டனும் ரொறன்ரோவும் ஒரே தூரம் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் மைலா கிலோமீற்றரா என்பதைப் படித்த பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

எங்கே மாறி ஏறுவது?

கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் இல்லை. எங்காவது ஓரிடத்தில் மாற வேண்டும். டுபாய் வழியாகப் போனால் 3,290 + 11,080 = 14,370 கிலோமீற்றர். லண்டன் வழியாக 8,710 + 5,700 = 14,410. நேர்கோட்டை விட 400 கிலோமீற்றர் வரைதான் கூடுகிறது. விமானத்துக்கு அது அரை மணி நேரம். சிங்கப்பூர் வழியாக என்றால் 17,700-ஐத் தாண்டும். முதலில் எதிர்த்திசையில் போய்த் திரும்புவதால் நான்கு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகப் பறக்க வேண்டும்.

ஆகவே மத்திய கிழக்கு, ஐரோப்பா, வட இந்தியா ஆகியவற்றில் எந்த வழியாகப் போனாலும் தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. பயண நேரத்தை நீட்டுவதும் குறைப்பதும் ட்ரான்சிட் காத்திருப்புத்தான். மூன்று மணி நேரக் காத்திருப்புக்கும் பதினொரு மணி நேரக் காத்திருப்புக்கும் எட்டு மணி நேரம் வித்தியாசம். வானத்தில் எந்தக் குறுக்குவழியும் அவ்வளவு மிச்சம் தராது. தனியாகப் போகும் அம்மா, அப்பாவுக்கு டிக்கெட் எடுப்பவர்கள் மூன்றரை மணிக்குக் குறையாமலும் ஆறு மணிக்கு மேற்படாமலும் ட்ரான்சிட் அமையுமாறு பார்த்துத் தெரிவு செய்வது நல்லது. ஒன்றே கால் மணி நேர இணைப்பை விமான நிறுவனம் அனுமதித்தாலும், முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதமானால் முழங்கால் வலியுள்ளவரால் அடுத்த வாசலுக்கு ஓடிப் போய்ச் சேர முடியாது.

இரண்டு பறப்புகளும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால் முதல் விமானம் பிந்தும்போது இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. பெட்டியை நடுவில் எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வீசா வேண்டும். பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்து, அங்கிருந்து தனி டிக்கெட்டில் கனடா போகலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும். அமெரிக்க நகரம் ஒன்றில் மாறுவதாக இருந்தால், வெளியே போகாவிட்டாலும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க வீசா கட்டாயம். வேறு நாடுகளிலும் ட்ரான்சிட் வீசா விதிகள் உண்டு. பணம் கட்டுவதற்கு முன்பு அந்த நாட்டின் அரச தளத்தில் பாருங்கள். முகவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

பறக்கும் நேரம்

பெரிய விமானங்கள் உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீற்றர் வேகத்தில் போகும். ஏறவும் இறங்கவும் வேகம் குறைவு; ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் உண்டு. வீட்டுக் கணக்குக்கு, தூரத்தை 850-ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். டுபாய்க்கு 3,290 ÷ 850 = 3.9, அரை மணி சேர்த்தால் 4 மணி 25 நிமிடம் அளவில் வரும். லண்டனுக்கு 10 மணி 45 நிமிடம்.

இதற்கு மேல் காற்று இருக்கிறது. நடு அகலக்கோடுகளில் 9 முதல் 12 கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. விமானங்கள் பறப்பதும் அதே உயரத்தில். மேற்கே போகும்போது எதிர்க்காற்று, கிழக்கே திரும்பும்போது பின்காற்று. அதனால் டுபாய் – ரொறன்ரோ 14 மணி நேரம் எடுத்தால் ரொறன்ரோ – டுபாய் பன்னிரண்டரை, பதின்மூன்று மணி நேரத்தில் முடியும். நீண்ட மேற்குப் பறப்புக்கு மேலும் அரை மணி முதல் ஒரு மணி வரை கூட்டிக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் உள்ள நேரம் ஒரு வாசலை விட்டு நகர்வதிலிருந்து மறு வாசலில் நிற்பதுவரை உள்ளது. விமானத்துக்குள் திரையில் காட்டும் நேரம் அதைவிடக் குறைவாக இருப்பது அதனால்தான்.

வான்பரப்பு மூடப்பட்டால் இந்தக் கணக்கு மாறும். 2022 பெப்ரவரிக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றிய, பிரித்தானிய, கனேடிய விமானங்கள் ரஷ்யாவுக்கு மேலாகப் பறப்பதில்லை. 2025 ஜூன் 23 அன்று கட்டார் தன் வான்பரப்பைச் சில மணி நேரம் மூடியபோது டோகாவில் மாற இருந்தவர்களின் பயணங்கள் கலைந்தன. மத்திய கிழக்கில் பதற்றம் உள்ள நாட்களில், புறப்படுவதற்கு முதல் நாளும் அன்று காலையும் விமான இலக்கத்தைத் தேடிப் பார்த்துவிட்டு வீட்டை விட்டு இறங்குங்கள்.

மணிக்கூட்டுக் கணக்கு

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். டிக்கெட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். இலங்கை நேரம் 2006 ஏப்ரலிலிருந்து உலக நேரத்துக்கு 5.30 மணி முன்னால் மாறாமல் நிற்கிறது. டுபாய் 4 மணி முன்னால். அதாவது நமக்கு ஒன்றரை மணி பின்னால். ரொறன்ரோ குளிர்காலத்தில் உலக நேரத்துக்கு 5 மணி பின்னால், கோடையில் 4 மணி பின்னால். ஆகவே நமக்கும் ரொறன்ரோவுக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி, கோடையில் ஒன்பதரை மணி வித்தியாசம். அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள். பிரித்தானியாவில் மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்ரோபர் கடைசி ஞாயிறும். இடைப்பட்ட அந்த ஒன்று முதல் மூன்று வாரங்களில் லண்டன் – ரொறன்ரோ வித்தியாசம் வழக்கமான ஐந்து மணியிலிருந்து நான்காகும். அப்போது பறப்பவர்கள் பழைய வித்தியாசத்தை நினைவிலிருந்து எடுத்துப் போடக் கூடாது.

வழி எளியது: எல்லா நேரத்தையும் இலங்கை நேரத்துக்கு மாற்றி ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பிறகு கழித்தல் மட்டும்தான். ஓர் உதாரணம், கோடைகால டிக்கெட்:

கட்டுநாயக்க, செவ்வாய் 20.35. டுபாயில் இறங்குவது 23.40, நம் நேரம் புதன் 01.10. பறந்தது 4 மணி 35 நிமிடம்.

டுபாயில் ஏறுவது புதன் 03.30; நம் நேரம் 05.00. காத்திருப்பு 3 மணி 50 நிமிடம்.

ரொறன்ரோவில் இறங்குவது புதன் 09.30; நம் நேரம் புதன் மாலை 19.00. பறந்தது 14 மணி.

கூட்டினால் 22 மணி 25 நிமிடம். செவ்வாய் 20.35-இலிருந்து புதன் 19.00 வரை எண்ணினாலும் அதே 22 மணி 25 நிமிடம், கணக்குச் சரி. டிக்கெட்டை மட்டும் பார்த்து இரவு எட்டரைக்கு ஏறிக் காலை ஒன்பதரைக்கு இறங்குவதாக எண்ணினால் பதின்மூன்று மணி நேரம் போலத் தோன்றும். நேர வித்தியாசமான ஒன்பதரை மணியைக் கூட்ட மறந்ததுதான் காரணம்.

அடுத்தது திகதி. கட்டுநாயக்கவிலிருந்து நள்ளிரவுக்குப் பின் புறப்படும் விமானங்கள் நிறைய. டிக்கெட்டில் 15ஆம் திகதி 02.55 என்று இருந்தால், 14ஆம் திகதி இரவு விமான நிலையத்தில் நிற்க வேண்டும். திருகோணமலையிலிருந்து 14ஆம் திகதி பிற்பகல் ஒன்று, இரண்டு மணிக்கே புறப்பட்டிருக்க வேண்டும். 15ஆம் திகதி பகல் வான் பேசி வைத்திருந்தால் விமானம் போய்விட்ட பிறகுதான் வான் வரும். அந்த டிக்கெட் பெரும்பாலும் பணம் திரும்பாது. வான்காரரிடம் "14ஆம் திகதி, செவ்வாய், பகல் ஒரு மணி" என்று கிழமையையும் சேர்த்துச் சொல்லுங்கள். இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சிறிதாக +1 என்று இருந்தால் அடுத்த நாள் என்று பொருள். உறவினருக்குத் தகவல் அனுப்பும்போது அந்தக் குறி தவறிப்போவது வழக்கம்.

மருந்து எடுப்பவர்களுக்கு இந்தத் தாள் இன்னும் முக்கியம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கும் மாத்திரையை ரொறன்ரோ மணிக்கூட்டைப் பார்த்து எடுத்தால் இடைவெளி ஒன்பதரை மணி நேரம் நீண்டுவிடலாம். வழியில் இலங்கை நேரப்படி எடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் புறப்படும் முன் தங்கள் வைத்தியரிடம் தாளைக் காட்டி, எந்த நேரத்தில் எவ்வளவு என்று எழுதி வாங்க வேண்டும். மருந்து கைப்பையில் இருக்கட்டும். பெட்டிக்குள் போட வேண்டாம்.

படலையிலிருந்து கட்டுநாயக்க வரை

திருகோணமலைக்கும் கட்டுநாயக்கவுக்கும் நேர்கோட்டில் 215 கிலோமீற்றர். தெருவால் 230, 240 வரும். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழி. 2022 ஜனவரியில் திறந்த குருநாகல் – மீரிகம அதிவேக வீதியில் ஏறினால் அந்தத் துண்டு சுருங்கும். பகலில் வானில் ஐந்து மணி நேரத்தில் போகலாம். ஆனாலும் ஆறு மணி என்றுதான் கணக்கில் போட வேண்டும். மூதூர், கிண்ணியாப் பக்கத்தவர்கள் மேலும் ஒரு மணி கூட்டுங்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் அந்தியிலும் இரவிலும் யானைகள் தெருவைக் கடக்கும். அங்கே வேகமாக ஓட்டச் சொல்லிச் சாரதியை நெருக்குவது உயிருக்கு ஆபத்து. இரவில் புறப்பட வேண்டிய விமானம் என்றால் ஒரு மணி நேரம் முந்துங்கள். கார்த்திகை, மார்கழி அடைமழையில் தெருவில் வெள்ளம் நிற்கும். அந்த மாதங்களில் முதல் நாளே போய் நீர்கொழும்பில் தங்குவது நிம்மதி. விமான நிலையத்துக்குக் கிட்ட என்பதால் கொழும்பில் தங்குவதை விட அது வசதி.

ரயிலில் போகிறவர்கள் கொழும்பு கோட்டைவரை போய், அங்கிருந்து பஸ்ஸில் கட்டுநாயக்கவுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு பெரிய பெட்டிகளோடு அது சிரமம், ரயிலும் பிந்தும். விமானத்தன்று ரயிலை நம்ப வேண்டாம்.

நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்பே நிற்க வேண்டும். செக்-இன் பொதுவாக விமானம் கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன் மூடப்படும். அதன் பின் விமானம் கண்ணெதிரே நின்றாலும் ஏற்றமாட்டார்கள். கவுண்டரில் பெட்டிக்கு ஒட்டும் துண்டில் வை.வை.ஸெட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். டுபாய்க் குறியீடு மட்டும் இருந்தால் அங்கேயே கேளுங்கள். போர்டிங் பாஸ் இரண்டும் கையில் கிடைத்ததா என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

முன்சொன்ன உதாரணத்துக்கு வருவோம். விமானம் 20.35, மூன்று மணி முன்னால் 17.35, தெரு ஆறு மணி, கைக்காவலாக ஒரு மணி. வீட்டில் காலை 10.30-க்கு இறங்க வேண்டும். அங்கிருந்து ரொறன்ரோ தரை தொட 32 மணி 30 நிமிடம். குடிவரவு வரிசை, பெட்டி, ஸ்காபரோவரை கார் என்று இன்னும் இரண்டரை மணி. மொத்தம் 35. கூப்பிட வருபவரிடம் இறங்கும் நேரத்துக்கு ஒன்றரை மணி கழித்து வெளியே நிற்கச் சொன்னால் போதும். முதன்முறை குடிவரவாளராக நுழைபவர்களுக்குத் தாள் வேலை இருப்பதால் அதற்கு மேலும் ஆகலாம். அங்கே காலை 11 மணிக்கு வெளியே வந்து வீட்டுக்குக் கோல் எடுத்தால் திருகோணமலையில் இரவு எட்டரை. யாரையும் தூக்கத்தில் எழுப்ப வேண்டியிராது.

திரும்பி வரும்போது

பின்காற்றால் நேரம் குறையும், திகதி முன்னே பாயும். ரொறன்ரோ புதன் 14.25, டுபாய் வியாழன் 11.00, அங்கிருந்து 14.30, கட்டுநாயக்க வியாழன் 20.20. டிக்கெட்டைப் பார்த்தால் முப்பது மணி நேரம் போல் இருக்கும். ஒன்பதரையைக் கழித்தால் 20 மணி 25 நிமிடம். போனதை விட இரண்டு மணி குறைவு. கிழக்கே வரும்போது கழிக்க வேண்டும், மேற்கே போகும்போது கூட்ட வேண்டும்.

பெட்டி எடுத்து வெளியே வர இரவு ஒன்பதரை, பத்து ஆகிவிடும். உடனே புறப்பட்டால் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கு ஹபரணைக் காட்டுத் தெருவில் இருப்பீர்கள். சாரதியும் அதே நாள் திருகோணமலையிலிருந்து வந்து காத்து நின்றவராக இருப்பார். நீர்கொழும்பில் படுத்துவிட்டுக் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பகல் பன்னிரண்டுக்குள் வீடு. அறை வாடகையும் சாரதியின் சாப்பாடும் தங்குமிடமும் சேர்த்து முன்கூட்டியே பேசி வையுங்கள்.